மெயிலை யார் பார்ப்பது?

அந்த வழக்கில் நான் தாக்கல் செய்த முதல் சான்றாவணம் ஒரு கிளினிக் ஃபைலின் பின் அட்டை. "ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளை இந்த இமெயிலுக்கு அனுப்பவும்" என்று அச்சடித்து, கீழே முகவரியும் போட்டிருந்தது. வழக்கு முழுக்க அந்த ஒரு வரியின் மேல்தான் நின்றது.

கட்சிக்காரர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமம். இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியவர். வால்வில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க அசெனோகூமரால் மாத்திரையை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். இதில் அளவுதான் எல்லாம். குறைந்தால் வால்வில் ரத்தக்கட்டி சேரும். கூடினால் உடம்புக்குள் ரத்தம் கசியும். அதனால் மாதாமாதம், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை. அந்த எண் 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று டாக்டரே ஃபைலில் எழுதியிருந்தார்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. மதுரையில் இருந்த கிளினிக்குக்குப் போக பஸ் இல்லை. பெரியவர் உள்ளூர் லேபில் ரத்தம் கொடுப்பார். கோயம்புத்தூரில் இருந்த மகள் ரிப்போர்ட்டை மெயிலில் அனுப்புவார். மாத்திரை அளவு பதிலாக வரும். ஊரடங்கு முடிந்த பிறகும் இது அப்படியே தொடர்ந்தது. நன்றாகத்தான் நடந்தது.

ஒரு சனிக்கிழமை மாலை ரிப்போர்ட்டில் 6.8 என்று வந்தது. மகள் உடனே எழுதினார்: "அப்பாவுக்கு 6.8 வந்திருக்கிறது. பல் டாக்டர் கொடுத்த மெட்ரோனிடசோல் சாப்பிடுகிறார். மாத்திரையைக் குறைக்கவா?" மெட்ரோனிடசோல் இந்த மாத்திரையின் வேகத்தைக் கூட்டும் என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். அந்த மூன்று வரி ஒரு டாக்டரின் கண்ணில் பட்டிருந்தால், மாத்திரையை நிறுத்துங்கள் என்ற பதில் அப்போதே வந்திருக்கும். வந்ததோ தானியங்கிப் பதில்: "தங்கள் மெயில் கிடைத்தது. டாக்டர் பார்த்துப் பதில் அளிப்பார்."

அந்த வாக்கியத்தை நம்பிப் பெரியவர் பழைய அளவையே சாப்பிட்டார். திங்கட்கிழமை மகள் போன் செய்தபோது, "மெயில் போட்டிருந்தா டாக்டர் பார்த்துடுவாங்க மேடம்" என்று வைத்துவிட்டார்கள். செவ்வாய் விடியற்காலை மலம் கறுப்பாகப் போய், மயங்கி விழுந்தார். திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வைட்டமின் கே ஊசி போட்டு, பிளாஸ்மா ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள்.

"நஷ்ட ஈடு பெரிசில்லை சார். அந்த மெயிலை யார் பார்த்தாங்கன்னு எனக்குத் தெரியணும்" என்றார் மகள்.

முதலில் கிளினிக்கில் இருந்த ஆவணங்களைக் கேட்டு எழுதினோம். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் நெறிமுறை விதி. நகல்கள் வந்தன. பழைய மெயில்களை எல்லாம் பிரிண்ட் எடுத்து வரிசையாகக் கோத்திருந்தார்கள். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் டாக்டரின் கையெழுத்திலேயே மாத்திரை அளவு, பக்கத்தில் தேதி. அந்தச் சனிக்கிழமை மெயில் மட்டும் கோப்பில் இல்லை.

புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழி செய்கிறது. படுக்கையில் இருந்து எழுந்த மனிதரை மதுரைக்கு அலைக்கழிக்காமல் எங்கள் மாவட்ட ஆணையத்திலேயே தாக்கல் செய்தேன்.

பதிலுரையில், மெயில் மூலம் சொல்வது இலவச உதவி, அது சேவையே ஆகாது என்றார்கள். கட்டணம் வாங்கிச் செய்த சிகிச்சையின் தொடர்ச்சி அது என்பதை ஓரக் குறிப்புகளே காட்டின. மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. போதாததற்கு, 2020 மார்ச் 25 அன்று மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் மெயிலையும் ஆலோசனை வழிகளில் ஒன்றாகவே எண்ணுகின்றன.

மெயில் பிரிண்ட் சாட்சியம் ஆகாது என்ற வாதத்தை எதிர்பார்த்தே இருந்தேன். மெயில் இருப்பது எங்கோ உள்ள சர்வரில். அதைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. இப்படிப்பட்ட நகலுக்கு, அப்போது அமலில் இருந்த சாட்சியச் சட்டம் 65பி பிரிவின் சான்றிதழ் கட்டாயம் என்று அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் 2020-ல் தீர்ப்பானது. நுகர்வோர் ஆணையத்தில் சாட்சிய விதிகள் அவ்வளவு கறாராக இல்லை என்றாலும், மகள் கையெழுத்திட்ட சான்றிதழை முதல் நாளே இணைத்திருந்தேன்.

மிஞ்சியது, "டாக்டர் அந்த மெயிலைப் பார்க்கவே இல்லை" என்ற வாதம். அது உண்மைதான் என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் ஏன் பார்க்கவில்லை? வினாப்பட்டியல் கொடுத்தோம்: பெட்டியைத் திறப்பவர் யார்? பாஸ்வேர்டு யாரிடம்? வரவேற்பில் இருக்கும் ஒரு பெண்தான் காலையில் திறந்து பிரிண்ட் எடுப்பார், சனிக்கிழமை மதியத்தோடு வீட்டுக்குப் போனவர் அடுத்த வாரம் முழுக்க விடுப்பு, பாஸ்வேர்டு வேறு யாருக்கும் தெரியாது என்று பிரமாணப் பத்திரத்திலேயே பதில் வந்தது. குறைந்த சம்பளத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் விடுப்பை நம்பி நோயாளிகளின் உயிரை வைத்திருந்தார்கள். எனக்கு அந்தப் பெண்ணின் மேல் கோபம் வரவில்லை. பழியை அவர் தலையில் கட்டப் பார்த்த எதிர்தரப்பு வாதத்தை அன்று கடுமையாகவே மறுத்தேன்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 13-ஆம் பிரிவையும் படித்துக் காட்டினேன். மின்செய்தியைப் பெற ஒருவர் ஒரு பெட்டியைக் குறித்துக் கொடுத்திருந்தால், செய்தி அதில் நுழைந்த நேரமே அவர் பெற்ற நேரம். திறந்து பார்த்தாரா என்பது கேள்வியே இல்லை. முகவரியை அட்டையில் அச்சடித்தவர்கள் அவர்களே.

ஆணையம் சேவைக் குறைபாடு என்று தீர்ப்பளித்தது. பொறுப்பு கிளினிக் நிர்வாகத்துக்கு, ஊழியருக்கு அல்ல. அவ்வளவு உயர்ந்த எண்ணைப் பார்த்த பிறகும் குடும்பத்தார் அருகில் இருந்த மருத்துவரிடம் போகாமல் காத்திருந்தது சரியல்ல என்று சொல்லி, கேட்ட தொகையில் ஒரு பகுதியைக் குறைத்தது. அந்தக் குறைப்பும் நியாயமே. மேல்முறையீட்டுக்கான 45 நாள் கெடுவுக்குள் கிளினிக் காசோலையை அனுப்பிவிட்டது.

மருத்துவரிடம் மெயிலில் பேசுகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: அனுப்பிய மெயிலையும் வந்த தானியங்கிப் பதிலையும் அழிக்காதீர்கள். அதைப் பார்ப்பவர் யார், எத்தனை மணிக்குள் பதில் வரும் என்று அடுத்த முறை நேரில் போகும்போதே கேட்டு ஃபைலில் எழுதி வாங்குங்கள். ரத்தம் கசிந்தாலோ, ஐ.என்.ஆர். எகிறினாலோ பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். பக்கத்து மருத்துவமனைக்குப் போங்கள், இல்லையென்றால் 108-ஐ அழையுங்கள்.