பச்சடியும் காப்ளரும்

அமெரிக்க இல்லங்களில் விருந்தின் முடிவில் பரிமாறப்படும் 'காப்ளர்' என்னும் பழப் பலகாரம், குடியேறியவர்கள் கண்ட உணவாகும். இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் தம் ஊர்ப் புட்டிங்கைச் செய்ய விரும்பினர். அதற்கு வேண்டிய பொருள்களும் கருவிகளும் புதிய நாட்டில் எளிதில் கிட்டவில்லை. கிடைத்த பழத்தை இரும்புப் பானையில் இட்டு, அதன்மேல் மாவைக் கிள்ளி வைத்து, மூடியின்மேலும் தணலைப் பரப்பி வேகவைத்தனர்.

சித்தூர், திருப்பதிப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய எங்கள் குடும்பங்களுக்கு இவ்வுணவு விரைவில் உறவாயிற்று. மூடிமேல் தணல் இடுவது எங்களுக்குப் புதிதன்று. பழைய வட ஆர்க்காட்டைச் சேர்ந்த ஆம்பூர்ப் பிரியாணிக்குத் 'தம்' போடுவதும் அவ்வாறே. வெல்லமிட்ட மாங்காய்ப் பச்சடியோ எங்கள் வீடுகளில் ஆண்டுக்கு இருமுறை உண்டு: உகாதிக்கு ஒன்று, சித்திரை முதல் நாளுக்கு ஒன்று. மாம்பழக் காப்ளரை முதன்முதலில் சுவைத்த எங்கள் வீட்டு மூதாட்டி, "பச்சடி மேல ரொட்டியைப் போத்தி வெச்சிருக்கீங்க" என்றார். அதைவிடச் சிறந்த விளக்கம் வேண்டுமோ?

கலந்து உண்பது எங்களுக்கு இயல்பே. தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வடவெல்லையாகக் காட்டுவது எங்கள் வேங்கடத்தை. சித்தூர் மாவட்டம் 1911இல் உருவாயிற்று. 1953இல் ஆந்திர மாநிலத்தில் அமைந்தது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்திற்கு வந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்குமாக வளர்ந்த நாங்கள், வீட்டை விட்டு நகராமலே வேற்று மாநிலத்தார் ஆனவர்களின் வழிவந்தோர்.

இனிச் செய்முறையைக் கூறுவோம். சித்தூரில் மிகுதியாக விளைவது, கிளிமூக்கு என்றும் பெங்களூரா என்றும் நாம் வழங்கும் தோத்தாபுரி மாம்பழம். பழுத்த பின்னும் சிறு புளிப்பு மாறாத அதன் கூழ், 850 கிராம் டப்பாக்களில் அயல்நாட்டுக் கடைகளுக்கு வருகிறது. அக்கூழில் ஒரு கோப்பையும், சற்றே கெட்டியான மாம்பழத் துண்டுகள் இரு கோப்பையும் எடுத்து, கால் கோப்பை வெல்லத்தூள், ஒரு மேசைக்கரண்டி சோளமாவு, சிறிது எலுமிச்சைச் சாறு, ஏலப்பொடி சேர்த்துத் தட்டில் பரப்புக. கூழில் முன்பே சர்க்கரை இருப்பின் வெல்லத்தைக் குறைக்கலாம். ஒரு கோப்பை மைதாவில் ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், இரு மேசைக்கரண்டி சர்க்கரை, உப்பு ஒரு சிட்டிகை கலந்து, நான்கு மேசைக்கரண்டி குளிர்ந்த வெண்ணெயை விரல் நுனியால் புட்டுமாவுபோல் உதிர்த்துவிடுக. அரைக் கோப்பைப் பால் ஊற்றி, அதிகம் பிசையாமல், கரண்டி கரண்டியாகப் பழத்தின்மேல் இடுக. ஆவி வெளியேற இடைவெளி வேண்டும். 190 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஏறத்தாழ நாற்பது நிமிடத்தில் மேற்புறம் பொன்னிறமாகும். ஓரங்களில் பழச்சாறு கெட்டியாகக் கொதிக்கும்.

எங்கள் பிள்ளைகள் இதனை விரும்பி உண்கின்றனர். ஆயினும் சித்தூர் என்பது அவர்களுக்கு இனிப்பின் பெயராக மட்டும் நின்றுவிடுமோ என்னும் அச்சம் எங்களுக்கு உண்டு. 2025ஆம் ஆண்டு அங்கே தோத்தாபுரியின் விலை வீழ்ந்தது. கூழ் ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாயும் அரசு 4 ரூபாயும் தருவதென முடிவாயிற்று. அந்தப் பன்னிரண்டு ரூபாயை நம்பி, பழம் ஏற்றிய டிராக்டர்கள் ஆலை வாயில்களில் நீண்ட வரிசையில் காத்துக்கிடந்தன. பறித்த பழம் காத்திராது; உழவர் காத்திருந்தார்.

ஆகவே எங்கள் வீடுகளில் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தியுள்ளோம். வெண்ணெயை மாவில் உதிர்க்கும் வேலை பிள்ளைகளுடையது. காப்ளர் வேகும் நாற்பது நிமிடமும் ஊர்ப்பேச்சுக்கு உரியது, அதுவும் தமிழில். வேங்கடமலை எங்கே, தோப்பில் காய் இறங்குவது எப்போது, ஒரு கிலோவுக்கு உழவருக்கு என்ன கிடைத்தது என்று அவர்கள் கேட்கின்றனர். தெரிந்ததைச் சொல்கிறோம், தெரியாததை ஊருக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கிறோம். இவ்வாறு மாதம் ஒருமுறையேனும் எங்கள் பிள்ளைகளின் குரல் சித்தூரை எட்டுகிறது.