தொட்டிலில் வைத்த பெயர்

தாணே,
சிம்கத் தோரா முடிந்த வாரம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

தொட்டிலில் போட்டுப் பெயர் வைப்பது இந்து வழக்கம், யூதர்களுக்கு அது கிடையாது என்று உன் மாமியார் சொன்னதாக எழுதியிருந்தாய். அம்மாவைக் கேட்டால் அவளும் "இங்கே அதெல்லாம் எதற்கு, பேசாமல் இரு" என்றாளாம். இதற்குப் பதில் எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. எப்படியும் வருவதில்லை என்பது வேறு விஷயம். எனக்குப் பிறந்திருக்கிற இந்த அம்மாள் பகலெல்லாம் தூங்குகிறாள், ஊர் அடங்கியதும் கண்ணை உருட்டிக்கொண்டு விழிக்கிறாள். அவளை மடியில் போட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கண்டுகொள்ளாதே.

முதலில் வீட்டுக் கதை. குழந்தையோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது நம் புத்தாண்டான ரோஷ் ஹஷானா நெருங்கிவிட்டிருந்தது. மாடிப்படியிலேயே ஹல்வா வாசனை. நாத்தனார் அடுப்படியில் சிக் ஹல்வா கிண்டிக்கொண்டிருந்தாள். நீ இஸ்ரேல் போகும்போது சின்னப் பெண்; ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. கோதுமையை ஊறவைத்து அரைத்து, பாலைத் தெளியவைத்து, அதில் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துத் தோள்பட்டை விட்டுப்போகும்வரை கிண்ட வேண்டும். இப்போது பாதிப் பேர் சைனா கிராஸ் போட்டுச் சீக்கிரம் முடித்துவிடுகிறார்கள். அது வேறு பண்டம் என்பது என் கட்சி. நடுவில் விட்டால் அடிபிடிக்கும் என்று உன் அத்தானிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். குழந்தையின் விரலை எடுத்து வாசல் நிலையில் இருக்கும் மெஸூசாவில் வைத்து, அதே விரலுக்கு முத்தம் கொடுத்து, கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டையும் வைத்தாள். வாழ்நாள் பூராவும் காமா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். கிருமியைப் பற்றி எனக்கு அரை மணி நேரம் பாடம் எடுப்பாள், கண்ணேறுக்கு மட்டும் மை டப்பாவைத் தேடுவாள். இரண்டும் ஒரே தலைக்குள் எப்படித்தான் இருக்கிறதோ, சண்டை போட்டுக்கொள்வதாகத் தெரியவில்லை.

என் சாப்பாடு தனிப் புராணம். பிள்ளை பெற்றவளுக்கு ஆட்டுக்கால் சூப் வேண்டும் என்று நாத்தனார் சொல்கிறாள். கோந்து லட்டும் அளிவ் லட்டும் வேண்டும் என்று மாலிஷ் மாவ்ஷி சொல்கிறாள். லட்டில் நெய். கறியும் பால் பொருளும் நமக்குச் சேராதே; சூப் குடித்த வாய் நெய் தொடக் கூடாது, மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பால் கொடுக்கிறவளுக்கோ அரை மணிக்கு ஒரு தரம் பசிக்கிறது. தேங்காயும் தேங்காய்ப்பாலும் இல்லாவிட்டால் நம் பெனே இஸ்ரேல் ஆட்கள் இந்தக் கொங்கணக் கரையில் எப்படிப் பிழைத்திருப்பார்கள் என்று இப்போதுதான் புரிகிறது. ஆட்டுக்கறிக் குழம்பானாலும் பண்டிகை ஹல்வாவானாலும் நம் வீட்டில் பாலுக்கு இடமில்லை, தேங்காய்க்குத்தான் இடம். கடைசியில் மாவ்ஷியே சமாதானத்துக்கு வந்து, நெய் இல்லாமல் தேங்காயும் வெல்லமும் போட்டு அளிவ் லட்டு பிடித்துத் தந்தாள்.

மாவ்ஷி அலிபாக் பக்கத்துக்காரி. குழந்தையைக் காலில் போட்டுக்கொண்டு தேங்காயெண்ணெய் தேய்க்கும்போது எங்களைக் கிண்டல் செய்வாள். அவள் பாட்டி காலத்தில் அந்தக் கிராமங்களில் நம்மவர்களுக்குச் 'சனிவார் தேலி' என்றுதானே பெயர். செக்கு ஆட்டுகிறவர்கள், சனிக்கிழமை மட்டும் மாட்டை அவிழ்த்துவிடுகிறவர்கள். "செக்குக்காரர் வீட்டில் பாக்கெட் எண்ணெயா?" என்று கேட்டுக்கொண்டே தேய்ப்பாள். தேய்த்து முடித்து ஓமப் புகை காட்டி, பாட்டியின் ஒன்பது கஜப் புடவையில் கட்டிய தூளியில் போட்டால் இரண்டு மணி நேரம் நான் மனுஷி.

ரோஷ் ஹஷானா அன்று என்னால் ஜெபாலயம் போக முடியவில்லை. முதல் நாள் வாசிப்பு உனக்குத் தெரியுமே: தோராவில் சாராவுக்குக் குழந்தை பிறந்த கதை, அதன் பின் தீர்க்கதரிசிகள் பகுதியில் ஹன்னா பிள்ளை வரம் கேட்டு அழுத கதை. வருஷத்தின் முதல் நாளில் ராஜாவையும் யுத்தத்தையும் விட்டுவிட்டு, இரண்டு பெண்களின் வயிற்றைப் பற்றிப் படிக்க வைத்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள். உன் அத்தான் வீட்டுக்கு வந்து அதை எனக்குத் திரும்ப வாசித்தார். மாலையில் ஜெபாலயத்து ஹஸ்ஸான் வந்து எனக்காக ஷோஃபர் கொம்பு ஊதினார். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது, மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது, இவள் மட்டும் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறையில் ஒரு டம்ளர் விழுந்ததற்கு வீறிட்டு அழுதாள்.

அன்றைக்கே ஹன்னா என்ற பெயர் எங்கள் இருவர் மனத்திலும் உட்கார்ந்துவிட்டது. நாத்தனார் மனத்தில் இருந்தது வேறு பெயர், ஜெரூஷா. காரணம் டாக்டர் ஜெரூஷா ஜிராட். 1890இல் ஷிமோகாவில் பிறந்த நம் பெண், லண்டன் போய்ப் பிரசவ மருத்துவம் படித்துவிட்டு வந்து, காமா ஆஸ்பத்திரிக்கே தலைமை தாங்கி நடத்தியவர். 1966இல் பத்மஸ்ரீ. பம்பாயில் பிரசவத்தில் பெண்கள் ஏன் சாகிறார்கள் என்று உட்கார்ந்து கணக்கெடுத்தவர். நாத்தனார் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் ஓய்வு பெற்று ரொம்ப நாளாகியிருந்தது, ஆனாலும் "எங்கள் டாக்டர்" என்றுதான் பேசுவாள். "பிரசவம் பார்த்தவள் பெயரை வைக்காமல், பிள்ளைக்காக அழுதவள் பெயரை வைக்கிறீர்களே" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

இனி, பிறக்கப்போகும் உன் பெண்ணைப் பற்றிய கேள்வி. பையன் என்றால் எட்டாம் நாள் பிரீத்துக்கு, அதாவது விருத்தசேதனத்துக்கு, என்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறது. ஆள் வர வேண்டும், கத்தி வர வேண்டும், எலியாகு தீர்க்கதரிசிக்கு நாற்காலி போட வேண்டும். மாற்ற எவனுக்கும் துணிச்சல் கிடையாது. பெண்ணுக்கு அப்படி ஒன்றும் இல்லை. புத்தகத்தில் எழுதாத இடத்தில் அந்தந்த ஊர்ப் பெண்கள் தாங்களாக ஒன்றைச் செய்தார்கள். உன் மாமியார் ஊரான மொராக்கோவில் ஸெவெத் ஹபாத் என்று ஜெபம் சொல்லி வாழ்த்துகிறார்கள். ஐரோப்பாக்காரர்கள் தகப்பனைத் தோரா முன் அழைத்துப் பெயரைச் சொல்லவைக்கிறார்கள். நமக்குப் பன்னிரண்டாம் நாள் தொட்டில். மராத்திக்காரர் வீட்டு பார்ஸாவும் இதுவும் ஒன்றுதான், மறைக்க என்ன இருக்கிறது? இத்தனை நூற்றாண்டு ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்தவர்கள். ஆனால் தொட்டில் என்றாலே இந்து என்று உன் மாமியார் சொன்னால் இதைக் கேள்: அல்ஸாஸிலும் தெற்கு ஜெர்மனியிலும் இருந்த யூதர்கள் ஹோலக்ரைஷ் என்று ஒன்று செய்வார்கள். பிள்ளைகள் எல்லாம் தொட்டிலைச் சுற்றி நின்று, அதைத் தூக்கிப்பிடித்து, குழந்தையின் பெயரை உரக்கக் கத்துவார்கள். அவர்கள் எந்தக் கோயிலில் கற்றார்களாம்? உன் மாமியார் ஊரிலேயே, ஆண் குழந்தையின் பிரீத்துக்கு முந்தின இரவுகளில் வாளை வீசி அறையிலிருந்து பிசாசை ஓட்டுவார்களே, அது எந்த அதிகாரத்தில் வருகிறது? கடைசிக் கேள்வியை நீ கேட்க வேண்டாம். சம்பந்தி வீடு. மனத்துக்குள் வைத்துக்கொள்.

அம்மாவின் பயம் வேறு மாதிரி, அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 1960களில் இஸ்ரேல் போன நம் ஆட்களிடம் ரபிகளின் தலைமைப்பீடம் கல்யாணத்துக்கு முன் பாட்டி, பூட்டி வரை விசாரிக்க வேண்டும் என்று சொன்னது. நம்மவர்கள் எருசலேமில் உட்கார்ந்து போராடினார்கள். 1964இல் பெனே இஸ்ரேல் எல்லா வகையிலும் யூதர்களே என்று இஸ்ரேல் பாராளுமன்றமான க்னெசெட்டில் அறிவித்த பிறகுதான் ஓய்ந்தது. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவளுக்கு, பூ கட்டிய தொட்டிலைப் பார்த்து யாராவது புருவத்தை உயர்த்துவார்களோ என்று இருக்கத்தான் செய்யும். ஆனால் உனக்கு எதற்கு அது? நீ அங்கே பள்ளிக்கூடம் போனாய், ராணுவத்தில் இருந்தாய், வரி கட்டுகிறாய். உன் வீட்டுக் கூடத்தில் ஒரு தொட்டில் ஆட எந்த ரபியின் கையெழுத்தும் வேண்டாம்.

எங்கள் பன்னிரண்டாம் நாள் புத்தாண்டுக்கும் யோம் கிப்பூருக்கும் நடுவில் வந்தது. காலையில் மலிதா. அவலை நனைத்து, சர்க்கரை, துருவின தேங்காய், ஏலக்காய், முந்திரி எல்லாம் கலந்து தட்டில் குவித்து, சுற்றிலும் பழங்களும் பேரீச்சையும், நடுவில் ஒரு ரோஜா. ஹஸ்ஸான் எலியாகு ஹன்னாபியை அழைத்துப் பாட, மரத்தில் விளைந்ததற்குத் தனியாக, மண்ணில் விளைந்ததற்குத் தனியாக ஆசி சொல்லிப் பகிர்ந்தோம். எட்டாம் நாளில் நாற்காலி போடாத குறையை எலியாகு மனத்தில் வைத்துக்கொள்ள மாட்டார். நம் ஆட்கள் எதற்கெடுத்தாலும் கூப்பிடுவது அவரைத்தானே.

மாலையில் ஆண்களைப் பால்கனிக்குத் துரத்திவிட்டோம். தொட்டிலுக்குச் சாமந்தியும் மல்லிகையும் கட்டியிருந்தது. கிழவிகள் மராத்தியில் தாலாட்டுப் பாடினார்கள். ஒருத்திக்குப் பாதி அடி மறந்தால் அடுத்தவள் பிடித்துக்கொண்டாள். வாடகை வீட்டு மாமி, மாவ்ஷி, கீழ்வீட்டு குஜராத்திப் பெண் எல்லோரும் வந்திருந்தார்கள். பெயர் சொல்லும் உரிமை குழந்தையின் அத்தைக்கு. குனிந்து காதில் 'குர்ர்ர்' என்று ஊதிவிட்டுச் சொல்ல வேண்டும், அப்போது சுற்றி நிற்கிறவர்கள் அவள் முதுகில் மொத்துவார்கள். நாத்தனார் ஆஸ்பத்திரி மேட்ரனாக எத்தனை பேரை விரட்டியிருப்பாள் தெரியவில்லை, அன்றைக்கு எல்லாப் பெண்களும் ஆசையோடு மொத்தினார்கள். அவள் அசரவில்லை. குழந்தையின் காதில் தெளிவாக "ஜெரூஷா" என்றாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் கொண்டைக்கடலைப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு விநியோகத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

கிப்பூருக்கு நான் உபவாசம் இருக்கவில்லை. ரத்தம் குறைவாக இருக்கிறது, பால் கொடுப்பவள் பட்டினி கிடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டர் சொன்னால் சாப்பிடுவதுதான் கட்டளை என்று ஹஸ்ஸானும் சொன்னார். வெள்ளை உடுத்திக்கொண்டு உள்ளறையில் கஞ்சி குடித்தேன். முன்பெல்லாம் இந்த நாளுக்கு நம்மிடம் 'தார்ஃபால்ணிச்சா சண்' என்றுதான் பெயராம், கதவடைக்கும் பண்டிகை. கதவைச் சாத்தினால் மறுநாள் வரை யாரையும் பார்ப்பதில்லை. இப்போதும் இந்தக் கட்டடத்தில் அன்றைக்கு யாரும் எங்கள் மணியை அடிப்பதில்லை. அடுத்த சனிக்கிழமை தாணே ஜெபாலயத்தில், 1879இல் கட்டிய அதே ஷாஅர் ஹஷமாயிமில், உன் அத்தானைத் தோராவுக்கு அழைத்தபோது அவர் "ஹன்னா" என்றார். இப்போது இவளுக்குத் தொட்டிலில் ஒரு பெயர், தோராவில் ஒரு பெயர். மாநகராட்சிப் பதிவில் பெயர்க் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது, பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். இரண்டையும் சேர்த்து எழுதிவிடுவோம் என்று நினைக்கிறேன். நாத்தனாரிடம் இப்போதைக்குச் சொல்லாதே, கொஞ்ச நாள் கெஞ்சட்டும்.

இதற்கிடையில் 80 நாள் வெளியே போகக் கூடாது என்று எனக்கு உத்தரவு. லேவியராகமம் 12ஆம் அதிகாரம்: ஆண் பிள்ளைக்கு 40, பெண் பிள்ளைக்கு அதுபோல் இரண்டு மடங்கு. பெண்ணென்றால் ஏன் இரட்டிப்பு என்று கல்லூரியில் படித்த நாட்களில் கோபம் வந்திருக்கிறது. இப்போது அந்தக் கோபத்துக்குத் தெம்பில்லை. பெற்றவளைப் படுக்கவிட ஒரு சாக்கு கிடைத்தால் விடுவானேன்? தடுப்பூசிக்கு மட்டும் நர்ஸ் நாத்தனார் விதிவிலக்கு கொடுத்திருக்கிறாள். இங்கே சட்டம் எனக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு தருகிறது. உனக்கு அங்கே 15 வாரம்தானாமே. அதில் ஒன்றைக்கூட வீடு துடைப்பதில் செலவழிக்காதே. திப்பத் ஹலாவ் கிளினிக்கில் குழந்தையை எடைபோட்டு ஒரு கோட்டில் புள்ளி வைப்பார்கள் என்று எழுதினாய்; புள்ளி கொஞ்சம் கீழே விழுந்தால் உடனே அழ ஆரம்பிக்காதே. இவளும் முதல் வாரம் இளைத்துத்தான் பிறகு ஏறினாள்.

இங்கே ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று சொல்லக் கூடாது, 1994ஆம் வருஷத்துச் சட்டம். நான் கடைசிவரை தெரியாமலே இருந்தேன். உனக்குப் பெண் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டது, அதனால் ஏற்பாடு செய்ய நிறைய நேரம் இருக்கிறது. தொட்டில் மரத்தில்தான் இருக்க வேண்டும் என்றில்லை, கடைத் தொட்டிலுக்குப் பூ கட்டினாலும் ஆடும். அவல் அஷ்தோதில் நம்மவர் கடையில் கிடைக்கும். உன் மாமியாரிடமே ஸெவெத் ஹபாத் ஜெபத்தை முதலில் சொல்லச் சொல். அவருக்கும் மரியாதை, அம்மாவுக்கும் தைரியம் வரும். பாட்டுக்கு நம் கிழவிகள் பாடியதைப் பதிவு செய்து வைத்திருக்கிறேன், போனில் அனுப்புகிறேன். மறந்துபோன அடிகளும் அதில் அப்படியே இருக்கின்றன, நீ அதையும் சேர்த்தே பாடு.

உன் நாத்தனார் காவல்துறையில் இருக்கிறாள் என்றாயே. அவள்தான் காதில் பெயர் சொல்ல வேண்டும். முதுகில் அடி விழும் என்று முன்னாலேயே சொல்லிவை.

உன்
அக்கா