விசாரிக்க வந்தவர்கள்

பளை
17 யூலை 2025, வியாழன்

ஆடிப்பிறப்பு. காலையில் கூழ், பின்னேரம் கொழுக்கட்டை, இடையில் கொலை. சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' மறுபடியும். 1981இல் குமுதத்தில் தொடராக வந்த கதை. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது, ஜாம் போத்தல் விளக்கில் மண்ணெண்ணெயை மிச்சம் பிடித்து முதல்முறை வாசித்தது. கணேஷுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வேண்டும். வசந்துக்குப் பேய் இருந்தாலும் சம்மதம். சோளகம் தென்னந்தோப்பைப் போட்டு உலுப்புகிற இரவுகளில் நான் வசந்தின் கட்சி.

இந்தமுறை வேறொன்று கண்ணில் பட்டது. கணேஷ் ஒரு வக்கீல். 1968இல் 'நைலான் கயிறு' வந்த நாளிலிருந்தே அவருக்குப் பின்னால் ஒரு நீதிமன்றம் இருக்கிறது. ராஜேஷ்குமாரின் விவேக்குக்குப் பின்னால் பொலிஸ். பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்தும் சுசீலாவும் தனியார் துப்பறிவாளர்கள்தான். ஆனாலும் குற்றவாளியைப் பிடித்துக் கொண்டுபோய் ஒப்படைக்க அவர்களுக்கும் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தை நம்பித்தான் கடைசி அத்தியாயமே எழுதப்படுகிறது.

20 யூலை, ஞாயிறு

தும்பு ஆலைக்கு இன்று லீவு. மைக்கேல் ஒண்டாச்சியின் 'அனில்ஸ் கோஸ்ட்' முடிந்தது. 2000இல் வந்த நாவல். ஆங்கிலம் எனக்கு ஓடாது, நடக்கும், நடந்தே முடித்தேன்.

அரசாங்கப் பாதுகாப்பிலுள்ள தொல்பொருள் பகுதியில் நாலு எலும்புக்கூடுகள். மூன்று மிகப் பழையவை, ஒன்று அண்மைக் காலத்தது. வெளிநாட்டிலிருந்து வந்த தடயவியல் நிபுணர் அனில் அதைப் பார்த்துவிடுகிறாள். கொலைக்கதைக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. ஆனால் கொன்றது எந்தத் தரப்பு என்று ஊகிப்பது அங்கே கடினமல்ல. செத்தது ஆர் என்பதுதான் புதிர். சுஜாதாவிடம் பிணத்துக்கு முதல் பக்கத்திலேயே பெயர் உண்டு. பெயர் சொன்னதோடு அதன் வேலையும் முடிந்துவிடும். பிறகு கதை முழுக்கக் கொன்றவனுடையது. ஒண்டாச்சியிடம் பெயரைக் கண்டுபிடிப்பதற்கே நாவல் முழுதும் தேவைப்படுகிறது.

நாவலுக்கு வெளியே, யாழ்ப்பாணத்துச் செம்மணியில் புதைகுழியை நாளை மீண்டும் தோண்டுகிறார்களாம். 1998இல், பள்ளி மாணவி கிருசாந்தியின் கொலை வழக்கில் தண்டனை பெற்ற சிப்பாய் ஒருவர், அங்கே புதைக்கப்பட்ட உடல்களைப் பற்றி நீதிமன்றத்தில் வாய் திறந்தார். அதன்பிறகு 1999இல் அங்கே 15 எலும்புக்கூடுகளை எடுத்தார்கள். இந்த வருடம் செம்மணியின் சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்கு மண்ணை வெட்டப் போய், மறுபடியும் எலும்புகள்.

24 யூலை, வியாழன்

ஆடி அமாவாசை. அப்பாவுக்காகக் கீரிமலை போய் வந்தோம். பஸ்ஸில் சனம் நெருக்கி அடித்தது. அதற்குள் நின்றபடியே அனுக் அருட்பிரகாசத்தின் 'எ பசேஜ் நோர்த்'. 2021 புக்கர் இறுதிப் பட்டியலில் இருந்தது.

கொழும்பில் கிரிஷானின் அப்பம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்த ராணி ஊரில் கிணற்றில் விழுந்து இறந்துபோகிறாள். இரண்டு பிள்ளைகளையும் போரில் இழந்தவள். தவறி விழுந்தாளா, தானே விழுந்தாளா? வேறு எழுத்தாளர் என்றால் கிரிஷானைக் கிணற்றடியில் இறக்கிக் காலடித் தடம் தேட விட்டிருப்பார். இவர் அவனை ரயிலில் ஏற்றி, வடக்கே வரும்வரை நினைக்க மட்டும் விடுகிறார். அந்த ரயில் பாதையை நானும் அறிவேன். போருக்குப் பிறகு 2014 மார்ச்சில் யாழ்தேவி பளைவரை வந்தது. ஒக்டோபரில் யாழ்ப்பாணம் போகும்வரை நாங்கள்தான் கடைசி ஸ்ரேசன்.

இரவு அம்மாவுக்குக் கதையைச் சொன்னேன். கேட்டு முடித்து அவ கேட்டா:
"கட்டுக் கிணறோ தம்பி, கட்டில்லாததோ?"
"ஏனம்மா?"
"கட்டுக் கிணத்துக்கை லேசிலை தவறி விழேலாது. வாளி உள்ளுக்கை கிடந்ததோ, வெளியிலையோ? அதைப் பாத்தாத் தெரியும், தண்ணி அள்ளப் போனவளோ இல்லையோ எண்டு."

கணேஷ் ஓர் அத்தியாயம் எடுத்துக்கொண்டு வந்து சேரும் இடம் இது. நாவலுக்கு அந்த அவசரம் இல்லை. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "பேந்தென்னத்துக்கு எழுதினவர்?" என்றுவிட்டுப் படுக்கப் போனா. எனக்குப் பிடித்தது. ஆனால் அவவின் கேள்வியையும் தள்ளிவிட முடியவில்லை.

30 யூலை, புதன்

நேற்று நல்லூரில் கொடி ஏறியது. பளைச் சனத்தில் பாதி அங்கே. வீடு அமைதி. ஷெஹான் கருணாதிலகவின் 'த செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மெய்டா' கடைசிப் பக்கம்வரை ஓடியது.

2022இல் புக்கர் வாங்கிய இந்த நாவலில் கொலையுண்டவனே துப்பறிகிறான். மாலி போர்ப் படப்பிடிப்பாளன், சூதாடி. செத்துக் கண் விழித்தால் மறுவுலகம் ஓர் அரச அலுவலகமாக இருக்கிறது: வரிசை, படிவம், கத்தல். தன்னைக் கொன்றது ஆர் என்று அறிய அவனுக்கு ஏழு இரவுகள். சுஜாதாவிடம் பேய் என்பது சந்தேகிக்க வேண்டிய விசயம். கருணாதிலகவிடம் மிச்சமிருக்கும் ஒரேயொரு விசாரணை அதிகாரி பேய்தான். உயிரோடு இருப்பவர்களில் ஒருவரும் கேட்கத் துணியாத நாட்டில் வேறு ஆர் கேட்பது?

அந்த மறுவுலகில் வரும் டொக்டர் ராணி, ரஜனி திராணகமவின் சாயல். யாழ். பல்கலைக்கழக உடற்கூற்றியல் விரிவுரையாளர், 'முறிந்த பனை'யை எழுதியவர்களில் ஒருவர். 1989 செப்டெம்பர் 21இல் சுடப்பட்டார். வி.வி. கணேசானந்தனின் 'பிரதர்லெஸ் நைட்'டிலும் அதே சாயலில் ஒரு விரிவுரையாளர் வருகிறார். 2024இல் மகளிர் பரிசு பெற்ற நாவல் அது. ஒரே கொலை, இரண்டு நாவல்கள். அதற்காக எந்த நீதிமன்றமும் இன்றுவரை ஒருவரையும் தண்டிக்கவில்லை.

5 ஓகஸ்ட், செவ்வாய்

செம்மணியில் எடுத்த பொருட்களை இன்று சனத்துக்குக் காட்டினார்கள். எலும்புக்கூடுகள் நூறைத் தாண்டிவிட்டன, சிறுபிள்ளைகளுடையதும் உண்டு. பக்கத்து வளவு அக்கா போய் வந்தா. அவவின் தம்பி 96இல் காணாமல் போனவர்.

"என்னக்கா?"
"உடுப்பு ஒண்டும் எங்கட இல்லை. ஒரு செருப்பைக் கன நேரம் பாத்துக்கொண்டு நிண்டனான். அளவு பெரிசு. அவன் ஏழுதான் போடுறவன்."

இருபத்தொன்பது வருசத்துக்குப் பிறகும் செருப்பின் அளவு நினைவில் நிற்கிறது. தடயம் என்ற சொல்லைக் கதைகளில் எத்தனையோ தரம் வாசித்தாயிற்று. இன்றிரவு வாசிக்க ஓடவில்லை.

8 ஓகஸ்ட், வெள்ளி, போயா

அக்காவின் மகன் வந்து 'கொலையுதிர் காலம்' கேட்டான். கொடுத்தேன். "பேயோ அண்ணை, ஆளோ?" என்றான். "வாசிச்சிட்டுச் சொல்லு, சண்டை பிடிப்பம்" என்றேன்.

எங்கள் பக்கத்தில் துப்பறியும் நாவல் ஏன் ஆழ வேர் விடவில்லை என்று இந்த நாட்களில் யோசித்ததற்கு ஒரு விடை கிடைத்திருக்கிறது. கொலைக்கு இங்கே பஞ்சமில்லை, புதிருக்கும் பஞ்சமில்லை. சீருடை போட்டவர் படலையைத் திறந்து வந்தால் நிம்மதியாக மூச்சு விடுகிற வாசகர்தான் இல்லை. அதனால் துப்பறிபவரின் கதிரையில் வேறு ஆட்கள் வந்து இருந்துவிட்டார்கள்: எலும்பு பார்க்கும் பெண், பேய், 'பிரதர்லெஸ் நைட்'டில் கதை சொல்லும் மருத்துவ மாணவி. புத்தகத்துக்கு வெளியே, செருப்பின் அளவு தெரிந்த அக்காமார்.

ஒருவரை மட்டும் இன்னும் ஒரு நாவலிலும் நான் சந்திக்கவில்லை: திடீர் மரண விசாரணை அதிகாரி. பேப்பரில் கிணறு, பாம்பு, ரயில் எதுவென்றாலும் செய்தியின் கடைசி வரியில் வந்து போகிறவர். பொலிசும் இல்லை, நீதவானும் இல்லை, ஊர் ஆள். ஆஸ்பத்திரிக்கோ செத்த வீட்டுக்கோ போய், "கடைசியா ஆர் கண்டது?" என்று கேட்டு எழுதுகிறவர். அவர் புலோப்பளைக்கு ஒரு பழைய மோட்டார்சைக்கிளில் போகட்டும். கிணற்றுக் கட்டைப் பார்க்கட்டும், வாளியைப் பார்க்கட்டும். அம்மா கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் எழுதட்டும். அந்த நாவலை ஆராவது எழுதினால் முதல் பிரதிக்கு இப்போதே காசு தரத் தயார்.