சிம்மர்வால்ட்: வானத்துக்குக் காவல் இருக்கும் ஊர்

வானத்தைப் பார்த்துப் பயந்து வளர்ந்தவர்கள் நாங்கள். வன்னியில் கிபிர் இரைச்சல் கேட்டதும் பதுங்குகுழிக்குள் இறங்கிய காலம் இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் 2025 பெப்ரவரியில், விண்கல் ஒன்று பூமியில் விழலாம் என்ற செய்தி கைத்தொலைபேசிகளில் பரவியபோது எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அது விழக்கூடிய இடங்களைக் காட்டிய கோடு தென்னாசியா வரை நீண்டிருந்தது. அம்மா ஊரிலுள்ள தங்கச்சியை நினைத்து அழுதார். மூத்த மகள், "கீழே இருக்கிற பாதுகாப்பறையில படுப்பமா?" என்று கேட்டாள்.

தொழிற்சாலையில் எங்களோடு வேலை செய்யும் சுவிஸ் நண்பர் ஒருவர், "பிள்ளைகளைச் சிம்மர்வால்ட்டுக்குக் கூட்டிப் போங்கள்" என்றார். ஏப்ரல் மாதத்து ஞாயிறு ஒன்றில் புறப்பட்டோம்.

பேர்ண் நகரிலிருந்து தெற்கே சுமார் 10 கிலோமீற்றர். மேட்டில் ஏறினால் புல்வெளிகள், பண்ணை வீடுகள், தூரத்தில் பனி மூடிய அல்ப்ஸ் மலைகள். 1915இல் லெனினும் ட்ரொட்ஸ்கியும் போரை எதிர்த்த சோசலிசவாதிகளின் மாநாட்டுக்காக வந்து கூடியது இந்தச் சின்னக் கிராமத்தில்தான். இங்கே பேர்ண் பல்கலைக்கழகத்தின் வான் ஆய்வுநிலையம் 1956 முதல் இயங்குகிறது. நாங்கள் வெளியே நின்றுதான் பார்த்தோம்.

பவுல் வில்ட் என்ற அறிஞர் பல வருடங்கள் இரவிரவாக இங்கிருந்து வானத்தைப் படம் பிடித்தார். படத்தில் நட்சத்திரங்கள் புள்ளிகளாக நிற்கும். நகரும் கல் சிறு கோடாக விழும். 1972 டிசம்பரில் அப்படி அகப்பட்டதுதான் சிசிபஸ். கிரேக்கக் கதையில் ஓயாமல் கல் உருட்டும் அரசனின் பெயர் அது. (இரவு வேலை செய்யும் எங்களுக்கு அவனைத் தெரியும்!) பூமியின் பாதைக்கு உள்ளே வந்து போகும் கற்களில் மிகப் பெரியவற்றுள் இதுவும் ஒன்று, பல கிலோமீற்றர் அகலம். ஆனால் அதன் பாதை எமது பாதையிலிருந்து 1 கோடி கிலோமீற்றருக்கு மேல் விலகியே கிடக்கிறது. கண்டுபிடித்து அளந்தபடியால்தான் அது தெரியும்.

இன்று இந்த நிலையத்தில் லேசர் ஒளியால் செய்மதிகளின் தூரத்தை அளக்கிறார்கள். விண்ணில் சுற்றும் குப்பைகளையும் கண்காணிக்கிறார்கள்.

எங்களைப் பயமுறுத்திய கல்லின் பெயர் 2024 வைஆர்4. அகலம் சுமார் 60 மீற்றர். 2024 டிசம்பர் 27இல் சிலி நாட்டிலுள்ள தொலைநோக்கி ஒன்று அதைக் கண்டது. 2032 டிசம்பர் 22இல் பூமியில் மோதும் வாய்ப்பு, பெப்ரவரி 18இல் நூற்றுக்கு 3.1 வரை ஏறியது. ஒரு வாரத்துக்குள் ஏறக்குறையப் பூச்சியமாகியது.

ஏறியது ஏன் திடீரென இறங்கியது? மகளுக்கு இப்படிச் சொன்னோம்: "திறப்பு துலைஞ்சு போச்சு. பத்து அறையில எங்கையோ கிடக்கு. ஐஞ்சு அறையைத் தேடி முடிச்சால், அது குசினிக்குள்ள இருக்கிற வாய்ப்புக் கூடும். பிறகு கூடத்தில கண்டெடுத்தால் குசினிக்கு ஒண்டுமில்லை." அளக்க அளக்கக் கல் இருக்கக்கூடிய இடம் ஒடுங்கியது, கடைசியில் பூமி அதற்கு வெளியே நின்றது. மகள் யோசித்துவிட்டு, "அப்ப தேடுற ஆக்கள் இருக்கினம்" என்றாள்.

அதுதான் எங்களுக்கும் ஆறுதல். அன்று ஊரில் எங்களுக்காக வானத்தைப் பார்த்து முன்கூட்டிச் சொல்ல யாரும் இருக்கவில்லை. இங்கே இருக்கிறார்கள்.

புதிதாக வந்த குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. இப்படியான செய்தி வந்தால் உடனே ஊருக்கு அனுப்பி வயது போனவர்களைக் கலங்கவைக்காதீர்கள். சில நாள் பொறுங்கள். அளப்பவர்கள் அளந்து முடிக்கட்டும்.

2029 ஏப்ரல் 13 இரவு, எங்கள் வருடப்பிறப்பை ஒட்டி, அப்போபிஸ் என்ற கல் பூமிக்கு மேலே சுமார் 32,000 கிலோமீற்றர் தூரத்தில் கடந்து போகும். மோதாது. வானம் தெளிவாக இருந்தால் ஐரோப்பாவில் வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். அன்று அம்மாவையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து, அண்ணாந்து பார்க்க இருக்கிறோம்.