கறுத்த மண்ணில் குனிந்தவர்கள்

ரொறன்ரோ மாநகருக்கு வடக்கே, சதுப்பு நீரை வாய்க்கால் வெட்டி வடித்து 1930ஆம் ஆண்டையொட்டிச் சாகுபடிக்குக் கொண்டுவரப்பட்ட ஹொலண்ட் மார்ஷ் என்னும் கரிய நிலப் பிரதேசத்தில், வெங்காயமும் கரட்டும் விளைந்து கிடப்பதைக் காணுந்தோறும், செம்மண் தோட்டத்தில் வெங்காயம் கிண்டி ஜீவனம் நடத்திய யாழ்ப்பாணத்துக் குடும்பத்தில் பிறந்த எனக்கு, இங்கே குனிந்து களை பிடுங்குவோர் எத்தேசத்தவர் என்ற கேள்வியே முதலில் எழுகிறது.

1901இல் கனடாவின் உழைப்பாளரில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் விவசாயத்தில் இருந்தனர். இன்று நூற்றுக்கு இருவர்கூட இல்லை. மேற்குச் சமவெளிகளில் உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் பரவி, சிறு பண்ணைகள் பெரும் பண்ணைகளுள் அடங்கிப்போக, நிலத்தை விட்டு வந்த பிள்ளைகளை ஆலைகளும் அலுவலகங்களும் ஏற்றுக்கொண்டன. இந்தியாவிலோ, பல்லாண்டுகளாக இறங்கிவந்த விகிதம், 2020இன் பொதுமுடக்கத்தில் நகரத்து வேலையை இழந்தோர் ஊர் திரும்பியதால் மீண்டும் ஏறி, இன்றும் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் நிற்கிறது. இலங்கையில் அது ஏறக்குறைய நாலில் ஒன்று. விகிதம் குறைவதே அபிவிருத்தி என்று பொருளியலார் உரைப்பதை நான் முழுமனத்தோடு ஏற்பதற்கில்லை.

ஏனெனில், கோதுமையை அறுக்கும் இயந்திரத்துக்கு ஸ்ட்ரோபரிப் பழத்தை நசுக்காமல் கொய்யத் தெரியாது. அதற்கு மனிதக் கரங்களே வேண்டும். 1966இல் ஜமைக்காவுடனும் 1974இல் மெக்சிக்கோவுடனும் ஏற்பட்ட ஒழுங்குகளின்படி, பருவகாலத் தொழிலாளர் திட்டத்தில் மனைவி மக்களைப் பிரிந்து வந்து, ஆண்டில் எட்டு மாதத்துக்கு மேற்படாமல், பெரும்பாலும் ஒரே பண்ணையாளரிடம் உழைத்துவிட்டுக் குளிர்காலத்துக்கு முன் திரும்பிப்போகும் தொழிலாளர்களுக்கு, எத்தனை பருவம் வந்தாலும், நிரந்தர வாசத்துக்கு அத்திட்டத்துள் மார்க்கமே இல்லை. ஒன்ராறியோ மாகாணத்தில் மற்றத் தொழிலாளர்க்குள்ள கூட்டுப்பேர உரிமையும் பண்ணைத் தொழிலாளர்க்கு மறுக்கப்பட்டிருக்கிறது. அவ்வேற்பாடு செல்லுமென 2011இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

உணவகங்களில் கோப்பை கழுவி வாழ்வைத் தொடங்கிய எம்மவருக்குப் பிரஜாவுரிமை வழங்கிய கனடாவிடம் எனக்குள்ள நன்றி ஆழமானது. ஆயினும், தேயிலை பறித்து இலங்கையின் பொக்கிஷத்தை நிரப்பிய மலையகத் தமிழர் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவர் ஆக்கப்பட்ட சரித்திரத்தை அறிந்தவன், மண்ணில் உழைப்போரை உழைப்புக்கு மட்டும் அழைத்து, உரிமைக்கு அழையாத இவ்வேற்பாட்டை ஆட்சேபியாமல் எவ்வாறு இருக்கக்கூடும்? இந்நாட்டில் வாக்குரிமை பெற்றிருக்கும் தமிழர், தம் தொகுதிப் பிரதிநிதிகளிடம் இதைக் கேட்க வேண்டும்.