கடலோரத்து முஸாஃபிர்கள்



அல்முல்க் அத்தியாயத்தை இரவில் ஓதும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. வானத்தில் சிறகை விரித்தும் மடக்கியும் பறக்கும் பறவைகளை அல்லாஹ் அதில் நினைவூட்டுகிறான். ஓதுகிறோம், ஆனால் ஒருநாளாவது நின்று அவற்றைப் பார்த்திருக்கிறோமா?

பார்ப்பதற்கு ஏற்ற காலம் மார்கழியும் தையும் மாசியும். சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் நீர்நிலைகள் பனியாய் உறையும்போது, அங்கே குஞ்சு பொரித்த உள்ளான்களும் தாராக்களும் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. அவற்றில் ஒரு பகுதி நமது வடபுலத்துக் கரைகளில் வந்து இறங்குகிறது.

வல்வெட்டித்துறையில் அலையோரம் நின்றால் ஆலாக்களையும் கடற்காகங்களையும் காணலாம். கரைப்பறவைகளைக் காண, மேற்கே சில மைல் தூரத்திலுள்ள தொண்டைமானாற்றுக்குப் போகவேண்டும். பெயரில்தான் ஆறு, உண்மையில் அது கடல்நீரேரி. வாடைக்கால மழையில் நிறைந்து, தை பிறந்தபின் மெல்ல வற்றும். அப்போது வெளிப்படும் சேற்றைப் பார்த்து, "இது எதற்கும் உதவாத நிலம்" என்போம். அந்தச் சேறுதான் விருந்தாளிகளுக்காக விரித்த ஸுப்ரா! புழுவும் நத்தையும் சிறு இறாலும் அதற்குள் நிறைந்திருக்கின்றன.

நம் கல்யாண வீடுகளில் ஒரு ஸஹனைச் சுற்றி ஆறு பேர் அமர்ந்து, அவரவர் பக்கத்தில் உள்ளதை உண்போம் அல்லவா? அங்கேயும் அதே ஒழுங்குதான். குட்டை அலகுள்ள பறவை ஓடி ஓடி மேலே தெரிவதைக் கொத்தும். நடுத்தர அலகுள்ளது சற்று ஆழத்தில் தேடும். நீண்டு வளைந்த அலகுள்ளது அடிச்சேற்றில் இருப்பதை இழுத்தெடுக்கும். ஒன்றின் பங்கு மற்றொன்றுக்கு எட்டாது. அதனால் பெரிய சண்டையும் இல்லை. அலகுகளை அளந்து கொடுத்தவன் எத்தனை நுட்பமானவன், சுப்ஹானல்லாஹ்!

இவற்றின் பயணம் இலேசானதல்ல. 2022இல் மூக்கான் இனத்து இளம் பறவையொன்று அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியா வரை 11 நாட்கள் எங்குமே இறங்காமல் 13,560 கிலோமீட்டர் பறந்தது. அதன் வயது ஐந்தே மாதம். அதன் முதுகில் கட்டிய சிறு கருவி இதை அறிவித்தது. மூக்கான்கள் நம் மன்னார்க் கரைக்கும் வருகின்றன. புறப்படுமுன் வயிறார உண்டு உடலில் சேர்க்கும் கொழுப்புத்தான் வழிச்செலவு. உண்ணும் நேரத்தில் நாம் விரட்டினால், அந்தக் கட்டுச்சோற்றைத் தட்டிப் பறித்தது போலாகும்.

வந்த இடத்தில் இருக்க இடம் வேண்டும் என்பதன் அருமை நமக்குத் தெரியாததல்ல. 1990 அக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கிளம்பியவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. புத்தளத்தில் ஓலைக் குடிசையில் இருந்த காலத்திலும் களப்போரத்தில் இதே உள்ளான்கள் மேய்ந்தன. உம்மா அவற்றைப் பார்த்து, "இதுகள் போய்த் திரும்பி வருதுகள், நாங்கதான் போகேலாம இருக்கிறம்" என்பா. 2009இல் யுத்தம் முடிந்தபின் சிலர் திரும்பினார்கள். பலரால் இன்னும் முடியவில்லை. வல்வெட்டித்துறை மக்களும் 1987 மே மாத வடமராட்சிப் போரில் வீடு விட்டு ஓடியவர்களே. இடம்பெயர்ந்த வலியை அறிந்த நாம் இந்தப் பயணிகளின் இடத்தைப் பறிக்கலாமா?

சுண்டிக்குளம் 1938இலேயே பறவைகள் சரணாலயமானது. 2015இல் தேசியப் பூங்காவாயிற்று. மன்னாரின் வங்காலை 2010இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் சட்டம் எல்லாக் கரைகளுக்கும் காவல் நிற்காது. நம் வீட்டிலிருந்து தொடங்கவேண்டிய காரியங்கள் இருக்கின்றன.

குப்பையையும் பொலித்தீன் பையையும் நீரேரிக் கரையில் கொட்டாதீர்கள். சேற்று நிலத்தை மண்போட்டு நிரப்பும் பேச்சு வீட்டில் எழுந்தால், பெண்களாகிய நீங்கள் தடுத்துச் சொல்லுங்கள். பிள்ளைகள் பறவைக்குக் கல்லெறிந்தால் கண்டியுங்கள். விடுமுறை நாளில் ஸுப்ஹு தொழுதபின் அவர்களைக் கரைக்குக் கூட்டிச் செல்லுங்கள். வெயில் முதுகில் படும்படி, தூரத்திலேயே சத்தமில்லாமல் நில்லுங்கள். பறவை தலையை நிமிர்த்தி உங்களைப் பார்த்தால், அதற்கு மேல் ஓரடியும் வைக்கவேண்டாம். எந்த அலகு எந்த ஆழத்தில் தேடுகிறது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

வழிப்போக்கருக்கு ஸகாத்திலேயே பங்கு வைத்த மார்க்கம் நம்முடையது. சிறகுள்ள இந்த முஸாஃபிர்கள் நம்மிடம் கேட்பது பணமல்ல. கொஞ்சம் சேறும் கொஞ்சம் அமைதியும்தான். அதைக் கொடுக்கும் மனதை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக, ஆமீன்.