சிநேகிதிக்கு ஒரு கம்பளி

ஸ்காட்லாந்துக்கும் வடக்கே, அட்லாண்டிக் மகாசமுத்திரமும் வடகடலும் கலக்கும் இடத்தில் கிடக்கும் ஷெட்லாந்துத் தீவுகளில் மரங்கள் மிக அரிது; மனிதரைக் காட்டிலும் ஆடுகளே அதிகம். அந்த ஆடுகள் உருவத்திற் சிறியவையே ஆயினும், அவற்றின் கழுத்தருகே விளையும் மெல்லிய ரோமத்தைக் கோடையில் கத்தரி படாமல் கையாலேயே பறித்தெடுத்துச் சன்னமாக நூற்று, அன்ஸ்ட் தீவின் பெண்கள் பின்னி வந்த சல்லாச் சால்வைகள் ஒரு கல்யாண மோதிரத்துக்குள் நுழைந்து வெளிவரும் என்று பிரசித்தி பெற்றவை.

லெர்விக் நகரத்தை அடுத்த ஒரு வீட்டில், இத்தொழிலில் முதிர்ந்த அம்மையார் ஒருவரின் பக்கத்தில் அமர்ந்து அவர் பின்னுவதைப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிட்டியது. இடுப்பில் அவர் கட்டியிருந்த தோல்வாரில் குதிரைமயிர் அடைத்த சிறு திண்டு ஒன்றும், அதன்மேல் வரிசையாகத் துளைகளும் இருந்தன. வலக்கை ஊசியின் முனையை அத்துளையொன்றிற் செருகிவிட்டால் ஊசியைத் தாங்கும் பாரம் கைக்கு இல்லை. நூலைச் செலுத்தும் காரியம் ஒன்றே விரல்களுக்கு மிஞ்சுகிறது. முற்காலத்துப் பெண்கள், சதுப்பில் வெட்டி உலர்த்திய கரிமண் கட்டிகளைக் கூடை நிறைய முதுகிற் சுமந்து நடந்துகொண்டே பின்னியதும் இந்த வாரின் உபகாரத்தினாலேதான். அம்மையாரின் பார்வை பெரும்பாலும் என் முகத்திலேயே இருந்தது. வரிசை முடியுந்தோறும் கட்டைவிரலாற் கண்ணிகளை நீவிப் பார்த்துக்கொண்டார்.

இத்தகைய சாமர்த்தியத்துக்கு ஒரு காலத்தில் கிடைத்த பிரதிபலனை நினைத்தால் மனம் கசக்கிறது. வியாபாரிகள் காசு கொடாமல் தேயிலையும் துணியுமே கொடுத்தார்கள் என்றும், அத்தேயிலையை அயலாரிடம் மாற்றித்தான் உணவுப் பொருள் பெற முடிந்தது என்றும், 1872-இல் லெர்விக்கில் நடந்த அரசாங்க விசாரணையில் பின்னற்காரிகளே சாட்சி கூறியிருக்கிறார்கள். சால்வையின் அழகை வியந்து பேசுவோர் அச்சாட்சியங்களையும் அவசியம் வாசிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

நான் பார்த்தபோது ஊசியில் இருந்தது, சாயம் தோயாத வெள்ளை, சாம்பல், பழுப்பு நிறங்கள் அலையலையாக இறங்கும் ஒரு மப்ளர். விற்பனைக்கோ என்று விசாரித்தேன்.

"இல்லை. பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த சிநேகிதிக்கு. படகிலே வேலைக்குப் போகிறவள், கடற்காற்று அவளுக்கு ஒத்துக்கொள்வதில்லை" என்றார்.

அதற்காகவே வழக்கத்தைவிட நீளம் கூட்டி, கழுத்தில் இருமுறை சுற்றும்படி செய்திருந்தார். கழுத்தில் படும் நடுப்பகுதிக்கு மட்டும் எல்லாவற்றிலும் மிருதுவான நூலைத் தேடி எடுத்து வைத்திருந்தார். பின்னி முடித்தபின் நீரில் நனைத்துச் சட்டத்தில் இழுத்துக் கட்டி உலர்த்தினாலன்றி அலைக்கோலம் விரியாதாம். விலைக்குப் பின்னும்போது கடிகாரத்தின்மேல் ஒரு கண் இருக்கும், இதற்கு அந்த நினைவே வருவதில்லை என்றும் சொன்னார்.

"இதே மாதிரி ஒன்று வேண்டுமென்று கடைக்காரர் கேட்டால்?" என்றேன்.

"தாராளமாகப் பின்னித் தருவேன். மணிக்கணக்குப் போட்டுக் கூலியும் வாங்குவேன், காசாகவே" என்றார், ஊசியை நிறுத்தாமல்.